பெல்ட் போட்டும் காயம்: சீட் பெல்ட் பழுதானால் யாரிடம் கேட்பது? வாசகர் கேள்வி – பதில்

சீட் பெல்ட் சரியாக வேலை செய்யாததால் விபத்தில் காயமடைந்தவர்களும் அவர்கள் குடும்பத்தினரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு, வாகனப் பொறியாளர் ஒருவரும் விபத்து வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் ஒருவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம். பெயர், ஊர், வண்டி விவரங்களை நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: முன்சீட்டில் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த என் மனைவி பெல்ட் போட்டிருந்தார். எதிரே வந்த வேன் மோதியபோது பெல்ட் நாடா நீளமாக உருவிக்கொண்டு வந்து, முகம் டாஷ்போர்டில் இடித்துத் தாடை எலும்பு உடைந்துவிட்டது. "பெல்ட் கொஞ்சம் நீளத்தான் செய்யும், அப்படித்தான் செய்திருக்கிறோம்" என்கிறது கம்பெனி. இது உண்மையா?

பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் உங்கள் வழக்கு இருக்கிறது.

மோதல் நடக்கும் கணத்தில் பெல்ட் மூன்று காரியங்களைச் செய்கிறது. முதலில் பூட்டிக்கொள்ள வேண்டும். நாடா சுற்றியிருக்கும் ரிட்ராக்டருக்குள் ஒரு சிறு எஃகுக் குண்டு இருக்கும். வண்டியின் வேகம் திடீரெனக் குறைந்தாலோ வண்டி சாய்ந்தாலோ அது நகர்ந்து, பல்சக்கரத்தைப் பிடிக்கும் நெம்புகோலைத் தூக்கிவிடும். நாடாவை வெடுக்கென்று இழுத்தாலும் பூட்டும்படி இன்னொரு ஏற்பாடும் உண்டு. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. ஒழுங்குமுறை 16-ன்படி, வண்டியின் வேகக் குறைவு 0.45 ஜி அளவைத் தொட்டால் ரிட்ராக்டர் பூட்டியாக வேண்டும். பூட்டுவதற்குள் 50 மில்லிமீட்டருக்கு மேல் நாடா ஓடக் கூடாது. (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு.) 0.45 ஜி என்பது ஓரளவு பலமான பிரேக் மட்டுமே. நேருக்கு நேர் மோதலில் இதைவிடப் பல மடங்கு வேகக் குறைவு இருக்கும்.

இரண்டாவது, பிரிடென்ஷனர். சிறு வெடிமருந்துக் குப்பி வெடித்து, உடலுக்கும் நாடாவுக்கும் நடுவே உள்ள தொய்வை மில்லி விநாடிகளில் இழுத்துக்கொள்ளும். மூன்றாவது, பார வரம்பான். மார்பெலும்பு நொறுங்காமல் இருக்க, பாரம் ஒரு எல்லையைத் தாண்டினால் ரிட்ராக்டரின் நடுத்தண்டு முறுக்கிக்கொண்டு நாடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். கம்பெனி சொல்லும் 'நீளும்' என்பது இதைத்தான்.

ஆகவே பூட்டிய பிறகு, பாரத்தின் கீழ் நாடா நீண்டிருந்தால் அது வடிவமைப்பு. பூட்டாமலோ தாமதமாகப் பூட்டியோ நீண்டிருந்தால் அது பழுது. இரண்டும் விட்டுச்செல்லும் தடயங்கள் வேறு. பார வரம்பான் வேலை செய்திருந்தால் நடுத்தண்டு முறுக்கியிருக்கும். தோளுக்கு மேல் தூணில் உள்ள வளையத்தின் பிளாஸ்டிக் உருகித் தேய்ந்து நாடாவில் அப்பியிருக்கும். தண்டு முறுக்காமல், வளையத்திலும் தேய்மானம் இல்லாமல், முகம் மட்டும் டாஷ்போர்டுக்குப் போயிருந்தால், நாடாவின் மேல் பாரமே ஏறவில்லை என்று பொருள். அப்போது கம்பெனியின் பதில் நிற்காது.

பூட்டாததற்குக் காரணங்கள் பல. குண்டு உட்காரும் கூட்டில் தூசி அல்லது விரிசல், பற்கள் முனையோடு முனை மோதி ஒரு பல் தாண்டிப் பூட்டுவது, பக்கத் தூணை ஒடுக்கெடுத்த பிறகு ரிட்ராக்டரைக் கோணம் மாற்றிப் பொருத்தியது. கடைசியாகச் சொன்னதில் பொறுப்பு வொர்க்‌ஷாப் பக்கம் போகும். ஒன்றைக் கவனியுங்கள்: சீட்டை நன்றாகச் சாய்த்துப் படுத்திருந்தாரா என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும். சாய்ந்து படுத்தால் தோள் நாடா மார்பைவிட்டு விலகி நிற்கும். பெல்ட் ஒழுங்காகப் பூட்டினாலும் உடல் முன்னே போகும். சீட் எந்த நிலையில் நின்றது என்பதை வண்டியை யாரும் தொடும் முன் படமெடுங்கள்.

கேள்வி: கார் வொர்க்‌ஷாப்பில் நிற்கிறது. 'டோட்டல் லாஸ்' என்று காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் சொல்லிவிட்டார். கையெழுத்துப் போட்டு வண்டியை ஒப்படைத்தால் பத்து நாளில் பணம் வந்துவிடும் என்கிறார்கள். பெல்ட் விஷயமாக வழக்குப் போடும் எண்ணம் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

இன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். பெல்ட் வழக்குகள் நீதிமன்றத்தில் தோற்பதைவிட வொர்க்‌ஷாப் முற்றத்தில் தோற்பதுதான் அதிகம். உடைந்த வண்டியை ஏலத்தில் எடுப்பவர் பாகம் பாகமாகப் பிரித்துவிடுவார். பெல்ட் இல்லாமல் 'பெல்ட் பழுது' என்று நிரூபிப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

பழுது பார்க்கும் செலவு பாலிசியில் குறித்த வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் என்பார்கள். அந்த நிலையிலும் உடைந்த வண்டியை நீங்களே வைத்துக்கொண்டு, அதன் விலையைக் கழித்த மீதிப் பணத்தை மட்டும் கேட்டுப் பெற வழி உண்டு. கையில் வருவது குறையும், ஆனால் சாட்சி உங்களிடம் இருக்கும். அது கட்டுப்படியாகாது என்றால், குறைந்தபட்சம் ஆய்வு முடியும்வரை விற்காமல் வைத்திருக்கும்படி காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

கடிதம் மூன்று இடங்களுக்குப் போக வேண்டும்: காப்பீட்டு நிறுவனம், வொர்க்‌ஷாப், கார் உற்பத்தியாளர். பதிவு எண், சேசிஸ் எண், விபத்து நாள் குறித்து, "சீட் பெல்ட் பழுது குறித்துச் சட்ட நடவடிக்கை எடுக்க இருக்கிறோம், வண்டியையோ பெல்ட், சீட், ஏர்பேக் யூனிட் ஆகியவற்றையோ பிரிக்கவோ மாற்றவோ விற்கவோ கூடாது" என்று எழுதுங்கள். மின்னஞ்சலிலும் ஒப்புகையுடன் கூடிய தபாலிலும் அனுப்புங்கள். உற்பத்தியாளர் தன் ஆளை அனுப்பிப் பார்க்க விரும்பினால் தடுக்காதீர்கள். உங்கள் தரப்பு ஆள் கூட இருக்க, வீடியோ எடுத்தபடி பார்க்கட்டும். எதையும் கழற்றிக்கொண்டு போக மட்டும் விடாதீர்கள்.

வண்டியைக் கூரைக்குக் கீழ் நிறுத்துங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்ப்பது, 'வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று பெல்ட்டை இழுத்துப் பார்ப்பது, பக்கிளில் செருகி எடுப்பது, ரத்தக்கறையைக் கழுவுவது ஆகிய நான்கையும் யாரும் செய்யக் கூடாது. ஒரே ஒரு முறை இழுத்துப் பார்த்ததால் நாடா சிக்கி நின்ற இடம் மாறிப்போனால், பிறகு எந்த நிபுணராலும் அதை மீட்டெடுக்க முடியாது.

படங்கள் எடுக்கும்போது தூரத்திலிருந்து தொடங்கிக் கிட்டே வாருங்கள். ஒவ்வொரு பெல்ட்டும் கண்டபடியே தொங்கும் நிலை, பக்கிள், அதில் செருகும் உலோக நாக்கின் இரு பக்கங்கள், தோள் வளையம், கீழே தரையில் போல்ட் போட்ட இடம், நாடாவின் அடியில் தைத்திருக்கும் லேபிள் (தயாரிப்பாளர், பாக எண், தயாரித்த தேதி அதில் இருக்கும்), சீட் தண்டவாளம் நிற்கும் நிலை, தலையோ முழங்காலோ இடித்த இடம். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள். அடிபடாத சீட்டின் பெல்ட்டையும் எடுத்துவையுங்கள், ஒப்பிட உதவும். எடுத்த போனை மாற்றாதீர்கள். இந்தப் படங்களைச் சாட்சியமாக்க, சாட்சியங்களுக்கான சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின் கீழ்ச் சான்றிதழ் தர வேண்டியிருக்கும்.

வண்டி காவல் நிலையத்தில் இருந்தால் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து அறிக்கை தருவார். வழக்கமாக அதில் பிரேக், ஸ்டியரிங், டயர், விபத்து இயந்திரக் கோளாறால் நடந்ததா என்பதோடு முடிந்துவிடும். பெல்ட்டுகளின் நிலையையும் எழுதும்படி ஆய்வுக்கு முன்பே விசாரணை அதிகாரியிடம் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். பழுது காரணமாக வண்டி கவிழ்ந்ததா என்பது வேறு கேள்வி, பழுது காரணமாகக் காயம் அதிகமானதா என்பது வேறு கேள்வி. அறிக்கையில் 'இயந்திரக் கோளாறு இல்லை' என்று இருப்பது பின்னதற்குப் பதிலாகாது.

பெல்ட்டை நீங்களே கழற்ற வேண்டாம். வெடிக்காத பிரிடென்ஷனரில் மருந்து அப்படியே இருக்கும், கை போய்விடும். தவிர, "இவர்களே நோண்டிவிட்டார்கள்" என்ற வாதத்துக்கும் இடம் கொடுத்ததாகும்.

கேள்வி: என் தம்பிதான் ஓட்டினார். பெல்ட் போட்டிருந்ததாக அவர் சொல்கிறார்; போடவே இல்லை என்கிறது எதிர்த்தரப்பு. நேரில் பார்த்த சாட்சி இல்லை.

உடம்பு ஒரு சாட்சி, பெல்ட் இன்னொரு சாட்சி, வண்டியின் கம்ப்யூட்டர் மூன்றாவது சாட்சி.

நம் வண்டிகளில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால், அவருக்கு நாடாவின் தடம் வலது தோளிலிருந்து இடது இடுப்புக்குச் சாய்வாக விழும். பக்கத்து சீட்காரருக்கு இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு. இந்தச் சிராய்ப்பும் கன்றிப்போன நிறமும் ஒரு வாரத்தில் மங்கிவிடும். ஆகவே முதல் நாளே படமெடுங்கள். காயச் சான்றிதழிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் 'சீட் பெல்ட் தடம்' என்று எழுதச் சொல்லுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவின் விபத்துப் பதிவேட்டில் விவரம் கேட்டு எழுதும்போது யாரோ பக்கத்தில் இருந்தவர் "பெல்ட் போடல போலிருக்கு" என்று சொன்னது ஏறிவிட்டால், பின்னால் அதை மறுக்கவே ஒரு வருடம் போகும். நகல் வாங்கி உடனே படித்துப் பாருங்கள்.

பெல்ட்டைப் பொறுத்தவரை, பிரிடென்ஷனர் வெடித்திருந்தால் விஷயம் சுலபம். போட்டிருந்த பெல்ட் உருவிய நிலையில் சிக்கி, உள்ளே போகாமல் தொங்கும். போடாத பெல்ட் தூணோடு ஒட்டி இறுகி நிற்கும். மீட்புப் படையினர் நாடாவை அறுத்து எடுத்திருந்தால் அதுவே உங்களுக்குச் சாதகம். போடாத பெல்ட்டை யாரும் அறுப்பதில்லை. அறுத்த விளிம்பு நேராக இருக்கும், பாரத்தில் கிழிந்த விளிம்பு பிசிறு பிசிறாக இருக்கும். எனவே அந்தத் துண்டுகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, ஏர்பேக் கட்டுப்பாட்டு யூனிட். பல மாடல்களில் மோதலுக்கு முந்தைய சில விநாடிகளின் வேகம், பிரேக், பக்கிள் பூட்டியிருந்ததா, பிரிடென்ஷனருக்கு எப்போது கட்டளை போனது என்பதெல்லாம் அதில் பதிவாகும். எல்லா மாடலிலும் வெளிக்கருவி கொண்டு எடுக்க முடியாது. சிலவற்றை உற்பத்தியாளரால் மட்டுமே படிக்க முடியும். அதனால்தான் அந்த யூனிட்டைக் கழற்றவிடாமல், நுகர்வோர் ஆணையத்தின் உத்தரவு மூலம் இரு தரப்பு முன்னிலையில் படிக்கச் சொல்ல வேண்டும். ஒரு எச்சரிக்கை: சீட் பெல்ட் அலாரத்தை நிறுத்த பக்கிளில் போலி நாக்கு செருகியிருந்தால், 'பூட்டியிருந்தது' என்றுதான் கம்ப்யூட்டர் சொல்லும். எதிர்த்தரப்பு அதையும் கிளறும்.

கேள்வி: மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போவதா, நுகர்வோர் ஆணையத்துக்கா?

இரண்டும் வெவ்வேறு ஆட்களைப் பார்த்துப் போடும் வழக்குகள். மோதிய வண்டியின் ஓட்டுநர், உரிமையாளர், அவர்களுடைய காப்பீட்டு நிறுவனம் ஆகியோரிடம் கேட்க மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவின் கீழ் தீர்ப்பாயம். பெல்ட் ஒழுங்காக இருந்திருந்தால் இவ்வளவு காயம் ஏற்பட்டிருக்காது என்று கார் உற்பத்தியாளரிடம் கேட்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. இரண்டாவது சட்டம் மற்ற சட்டங்களுக்குக் கூடுதலானதே தவிர மாற்று அல்ல என்று அதன் 100-ஆம் பிரிவு சொல்கிறது. எனவே இரண்டையும் நடத்தலாம். ஒரே மருத்துவ பில்லுக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்க மட்டும் முடியாது; ஒரு வழக்கை மறைத்து இன்னொன்றைப் போடவும் கூடாது.

தீர்ப்பாயத்துக்கான காலக்கெடு 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நாளிலிருந்து 6 மாதம். இந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகள் நடந்திருக்கின்றன. அதை நம்பி இருக்காமல் ஆறு மாதத்துக்குள் மனுவைப் போட்டுவிடுங்கள். விபத்து நடந்த இடம், நீங்கள் வசிக்கும் இடம், எதிர்த்தரப்பு வசிக்கும் இடம் மூன்றில் எங்கு வேண்டுமானாலும் போடலாம். யார் தவறு என்று நிரூபிக்காமலேயே 164-ஆம் பிரிவில் மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் உண்டு. காவல்துறை 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும் 90 நாளில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும். நகல் கேட்டு வாங்குங்கள்.

நுகர்வோர் பக்கம் வருவோம். 2020 ஜூலை 20 முதல் 'பொருள் பொறுப்பு' என்று தனி அத்தியாயமே சட்டத்தில் இருக்கிறது: 82 முதல் 87 வரை. உற்பத்தியில் குறை, வடிவமைப்பில் குறை, தயாரிப்பு அளவுகளிலிருந்து விலகல், சொன்ன உத்தரவாதத்துக்கு மாறாக இருத்தல், போதிய எச்சரிக்கை தராமை – இந்த ஐந்தில் ஒன்று இருந்தால் 84-ஆம் பிரிவில் உற்பத்தியாளர் பொறுப்பாவார். கவனமின்மையை நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. பொருளில் குறை இருந்தது, அதனால் தீங்கு வந்தது என்பவைதான் தேவை. வண்டியை வாங்கியவர் மட்டுமல்ல, அவருடைய சம்மதத்தோடு பயன்படுத்திய குடும்பத்தினரும் 'நுகர்வோர்' என்ற சொல்லுக்குள் வருவார்கள். இறந்துபோயிருந்தால் வாரிசுகள் கேட்கலாம்.

எந்த ஆணையம் என்பதில் பலரும் குழம்புகிறார்கள். கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்தே ஆணையம் முடிவாகும். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். 12 லட்ச ரூபாய்க் காருக்கு நீங்கள் 3 கோடி இழப்பீடு கேட்டாலும் போக வேண்டியது மாவட்ட ஆணையம்தான். இந்த முறை சரியே என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. உங்கள் வீடோ வேலையிடமோ உள்ள மாவட்டத்திலேயே போடலாம். காலக்கெடு 2 ஆண்டு. 10 முதல் 20 லட்சம் வரை விலையுள்ள வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய். 50 லட்சம் வரை 1,000 ரூபாய்.

புகாரோடு சேர்த்தே இரண்டு மனுக்களைப் போடுங்கள். ஒன்று, வண்டியை அப்படியே பாதுகாக்க 38(8)-இன் கீழ் இடைக்கால உத்தரவு. இரண்டு, பெல்ட் தொகுதியை உரிய ஆய்வகத்துக்கு அனுப்ப 38(2)(சி)-இன் கீழ் கோரிக்கை. கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். ஆய்வகத்திடம் 'பெல்ட் பழுதா?' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ரிட்ராக்டர் எத்தனை ஜி-யில், எத்தனை மில்லிமீட்டரில் பூட்டுகிறது, நடுத்தண்டு எத்தனை சுற்று முறுக்கியிருக்கிறது, நாக்கிலும் வளையத்திலும் பாரத் தடம் உண்டா, பிரிடென்ஷனர் வெடித்ததா, அதன் இணைப்பில் மின்தடை எவ்வளவு என்று தனித்தனிக் கேள்விகளாக எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: நானே ஓட்டிப்போய் சாலைத் தடுப்பில் மோதிவிட்டேன். வேறு வண்டி கிடையாது. கார் என் பெயரில்தான். எனக்கு ஏதாவது வழி உண்டா?

தீர்ப்பாயத்தில் உங்கள் தவறுக்கு உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடமே 166-இல் கேட்க முடியாது. பாலிசியில் உரிமையாளர்–ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருந்தால், மரணத்துக்கும் அதில் பட்டியலிட்ட நிரந்தர ஊனங்களுக்கும் அந்தத் தொகைக்குள் கிடைக்கும்.

ஆனால் பெல்ட் பழுது என்றால் உற்பத்தியாளர் மீது நுகர்வோர் வழக்குப் போட எந்தத் தடையும் இல்லை. மோதலை உண்டாக்கியது நீங்கள்தான். பெல்ட் இருப்பதே மோதல் நடந்துவிட்டால் காப்பாற்றத்தானே? மோதலுக்கான காரணமும் காயம் கூடியதற்கான காரணமும் தனித்தனி. தடுப்பில் மோதியதால் எப்படியும் ஏற்பட்டிருக்கும் காயம் இது, பெல்ட் விட்டதால் கூடுதலாக ஏற்பட்ட காயம் இது என்று எலும்பியல் மருத்துவரின் கருத்தை எழுத்தில் வாங்குங்கள். இதுபோன்ற வழக்குகளில் வேகம் பற்றிய கேள்வி கடுமையாக வரும். உண்மையைச் சொல்லுங்கள், கம்ப்யூட்டரில் அது பதிவாகியிருக்கலாம்.

கேள்வி: கார் உருண்டபோது பக்கிள் தானாகத் திறந்து, என் அண்ணன் வெளியே தூக்கி எறியப்பட்டார். "சரியாகச் செருகாமல் இருந்திருப்பார்" என்கிறார்கள்.

இந்தப் பதிலை நாங்கள் அவ்வளவு சுலபமாக விடமாட்டோம். ஐ.நா. ஒழுங்குமுறை 16-இலேயே, பக்கிள் பாதி பூட்டிய நிலையில் நிற்க வழியிருக்கக் கூடாது என்று இருக்கிறது. பூட்டினால் முழுதாகப் பூட்ட வேண்டும், இல்லையென்றால் நாக்கைத் துப்பிவிட வேண்டும். பாதியில் பிடித்துக்கொண்டு பயணியை ஏமாற்றியதென்றால் அதுவே குறை.

பக்கிள் திறக்க வேறு வழிகளும் உண்டு. பக்கிளின் பின்புறம் பலமாக இடிபடும்போது உள்ளிருக்கும் தாழ்ப்பாள் தன் எடையாலேயே நகர்ந்து விடுபடலாம். பொத்தான் மேலே துருத்தி நின்றால் முழங்கையோ பறந்துவரும் பொருளோ பட்டுத் திறக்கலாம். உள்ளே அந்நியப் பொருள் சிக்கித் தாழ்ப்பாள் முழுதாக இறங்காமல் போகலாம். டகாட்டா நிறுவனம் செய்த பெல்ட்டுகளுக்காக 1995-இல் அமெரிக்காவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டதற்குக் காரணம் இதுதான்: பொத்தானின் பிளாஸ்டிக் வெயிலில் நொறுங்கி, துணுக்குகள் பக்கிளுக்குள் விழுந்தன. ஆகவே உங்கள் பக்கிளைக் குலுக்காதீர்கள், ஊதாதீர்கள். முதலில் எக்ஸ்-ரே அல்லது சி.டி. ஸ்கேன் எடுத்து உள்நிலையைப் பார்த்த பிறகே ஆய்வகம் திறக்க வேண்டும்.

நாக்கின் துளை விளிம்பில் அமுங்கிய தடம் முழு அகலத்துக்கும் இருந்தால் முழுதாகப் பூட்டியிருந்தது. ஒரு முனையில் மட்டும் சுரண்டியிருந்தால் பாதிப் பூட்டு. தடமே இல்லாவிட்டால் பாரம் ஏறும் முன்பே திறந்திருக்க வேண்டும், அல்லது பெல்ட்டே போடவில்லை.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார். முந்தைய உரிமையாளர் ஒரு விபத்துக்குப் பிறகு பழுது பார்த்திருக்கிறார் என்று இப்போதுதான் தெரிகிறது. ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சர்வீஸில் கேட்டபோது "சென்சார் பிரச்சினை, ஒன்றும் ஆகாது" என்றார்கள். இப்போது யார் மீது போடுவது?

உங்கள் வழக்கில் உற்பத்தியாளரைவிட வொர்க்‌ஷாப்தான் முதல் எதிர்மனுதாரர் ஆவார் என்று தோன்றுகிறது. பிரிடென்ஷனர் ஒருமுறைதான் வெடிக்கும். முறுக்கிய நடுத்தண்டு மறுபடி நேராகாது. பலமான மோதலைக் கண்ட பெல்ட்டை முழுத் தொகுதியாக மாற்ற வேண்டும். பணத்தை மிச்சப்படுத்த, வெடித்துப்போன பிரிடென்ஷனரின் இணைப்பில் ஒரு மின்தடையத்தை (ரெசிஸ்டர்) சொருகி விளக்கை அணைத்துவிடும் வேலையும் நடக்கிறது. உங்கள் வண்டியில் விளக்கு எரிந்தது ஒருவகையில் நல்லது. எச்சரிக்கை இருந்தும் சர்வீஸ் நிலையம் தட்டிக்கழித்தது என்பதற்கு அது சாட்சி.

குறையுள்ள சேவைக்கும், தெரிந்த அபாயத்தைச் சொல்லாமல் விட்டதற்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 85-ஆம் பிரிவு சேவை அளித்தவரைப் பொறுப்பாக்குகிறது. ஜாப் கார்டில் 'ஏர்பேக் விளக்கு எரிகிறது' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வாயால் சொன்னது மட்டும் என்றால், சர்வீஸ் ஆலோசகருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, அழைப்புப் பதிவு எதுவானாலும் எடுத்துவையுங்கள். முந்தைய விபத்தின் காப்பீட்டு விவரங்களை ஆணையம் மூலம் வரவழைக்கலாம். மாற்றப்பட்ட பாகங்களின் பட்டியலில் பெல்ட் இல்லாவிட்டால் கதை அங்கேயே புரிந்துவிடும்.

மாற்றங்கள் பற்றியும் கேட்பார்கள். பக்க ஏர்பேக் உள்ள சீட்டுக்குத் தடித்த உறை தைத்துப் போட்டது, பெல்ட் தொய்வாக இருக்க நாடாவில் கிளிப் மாட்டியது, அலாரம் நிறுத்தும் நாக்கு, பெல்ட் போல்ட்டைக் கழற்றித் தரைவிரிப்பு போட்டது எல்லாம் எதிர்த்தரப்புக்குக் கிடைத்த ஆயுதம். அலாரம் நிறுத்தும் கிளிப்புகளை விற்றதற்காக 2023-இல் 5 இணைய வணிகத் தளங்கள் மீது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு பிறப்பித்து, 13,000-க்கும் மேற்பட்ட விற்பனைப் பக்கங்களை நீக்கவைத்தது. இருந்தாலும், மாற்றம் செய்த இடமும் பழுதான இடமும் ஒன்றல்ல என்று காட்ட முடிந்தால் வழக்கு விழாது.

கேள்வி: பெல்ட் நன்றாகப் பூட்டியது, ஆனால் இடுப்பு நாடா வயிற்றில் ஏறிக் குடல் கிழிந்துவிட்டது. இதுவும் பழுதா?

பெல்ட்டால் காயம் பட்டது என்பதாலேயே பழுது ஆகாது. விலா எலும்பு முறிவு, தோளெலும்பு முறிவு எல்லாம் உயிரைக் காப்பாற்றியதற்கு உடல் கொடுத்த விலையாகவும் இருக்கலாம். இடுப்பு நாடா இடுப்பெலும்பின் மேல் நிற்காமல் வயிற்றுக்கு வழுக்கி ஏறியது ஏன் என்பதுதான் கேள்வி. சீட்டின் அடிமெத்தைச் சரிவு போதாமை, பக்கிள் கம்பி நீளமாக இருத்தல், பெல்ட்டை வண்டியோடு பிணைக்கும் கீழ் ஆங்கரின் கோணம் – இவை வடிவமைப்புக் குறைகள். சாய்ந்து உட்கார்ந்தது, நாடாவை வயிற்றின் மேல் போட்டது, கீழே கூடுதல் மெத்தை வைத்தது – இவை பயன்படுத்தியவர் பக்கம். குடல் காயத்தோடு இடுப்பு முதுகெலும்பு குறுக்காக முறிந்திருக்கிறதா என்று ஸ்கேன் அறிக்கையில் பாருங்கள்; நாடா வயிற்றில் ஏறியதற்கு அது வலுவான அடையாளம்.

கேள்வி: என் மாடலில் இதே குறை மற்றவர்களுக்கும் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உற்பத்தியாளரின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டால் திரும்ப அழைப்பு இருக்கிறதா என்று தெரியும். பெல்ட்டுக்காகத் திரும்ப அழைப்பது அபூர்வமும் அல்ல: 2022 டிசம்பரில் மாருதி சுசுகி 9,125 வண்டிகளை முன்சீட் பெல்ட்டின் தோள் உயர மாற்றி காரணமாகவும், 2023 ஜனவரியில் 11,177 கிராண்ட் விட்டாராக்களைப் பின்சீட் பெல்ட் பிராக்கெட் காரணமாகவும் திரும்ப அழைத்தது. 2016-இல் டொயோட்டா உலகெங்கும் சுமார் 29 லட்சம் வண்டிகளை (பெரும்பாலும் ஆர்.ஏ.வி.4) அழைத்தபோது, பின்சீட்டின் உலோகச் சட்டம் நாடாவை அறுக்கக்கூடும் என்பதே காரணம்.

திரும்ப அழைப்பு இல்லை என்பதால் குறை இல்லை என்று ஆகிவிடாது. மோட்டார் வாகனச் சட்டம் 110ஏ-இன் கீழ், பயணிகளுக்கு ஆபத்தான குறை இருந்தால் திரும்ப அழைக்க மத்திய அரசு உத்தரவிடலாம். உங்கள் புகாரையும் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு அனுப்பிவையுங்கள். அதனால் உங்களுக்கு நேரடியாகப் பணம் வராது, ஆனால் அதே குறையைச் சொல்லும் மற்றவர்கள் வெளிப்படுவார்கள்.

கேள்வி: எவ்வளவு கிடைக்கும்?

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறோம். வயது 32, சுயதொழில், மாத வருமானம் 30,000 ரூபாய், தொழில் செய்யும் திறனில் இழப்பு 40 சதவீதம் என்று வையுங்கள். ஆண்டு வருமானம் 3,60,000. எதிர்கால வளர்ச்சிக்கு 40 சதவீதம் சேர்த்தால் 5,04,000. அந்த வயதுக்கான பெருக்கல் எண் 16, ஆக 80,64,000. அதில் 40 சதவீதம் 32,25,600 ரூபாய். சிகிச்சைச் செலவு, உதவியாளர் செலவு, வலி வேதனைக்கான தொகை தனி. இது தீர்ப்பாயத்தின் முறை. நுகர்வோர் ஆணையத்திலும் இதே முறையில் கணக்குப் போட்டுக் கேளுங்கள். மொத்தமாக ஒரு தொகையைச் சொன்னால் மொத்தமாகக் குறைப்பார்கள். கவனிக்க வேண்டியது: மருத்துவ வாரியம் தரும் ஊன சதவீதமும் தொழில் திறன் இழப்பும் ஒன்றல்ல. ஒரு விரல் போனால் எழுத்தருக்கும் தையல்காரருக்கும் இழப்பு ஒரே அளவு இல்லையே.

எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளவும் ஒரு உதாரணம். ஏர்பேக் விரியாததற்காக ஹூண்டாய் கிரெட்டா உரிமையாளர் ஒருவர் தொடுத்த வழக்கில் 2022 ஏப்ரல் 20-இல் உச்ச நீதிமன்றம் நுகர்வோர் பக்கம் தீர்ப்பளித்தது. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிட நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்று சொன்ன முக்கியமான தீர்ப்பு அது. அதில் உறுதியானது மாற்று வண்டி, சிகிச்சைக்கும் வருமான இழப்புக்கும் 2 லட்சம், மன உளைச்சலுக்கு 50,000, வழக்குச் செலவு 50,000. விபத்து நடந்தது 2017-இல். சட்டம் சொல்வது ஆய்வகச் சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று. நடைமுறையில் ஆண்டுக் கணக்கில் ஆகும். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பின்றி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும்.

கேள்வி: பெல்ட் நன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

ஓரளவு முடியும். நாடாவைக் கடைசிவரை உருவி, விளிம்பில் பிசிறு, வெட்டு, வெளிறல், உருகிய பளபளப்பு இருக்கிறதா பாருங்கள். விட்டால் தானாக முழுவதும் உள்ளே போக வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் பூட்ட வேண்டும். ஆனால் இது நாடா உணரியை மட்டுமே சோதிக்கும். குண்டு உணரியைப் பார்க்க, ஆளில்லாத காலியிடத்தில் 10 கிலோமீட்டர் வேகத்துக்குள் பிரேக்கை அழுத்தி, பக்கத்து சீட்காரர் அப்போது நாடாவை மெதுவாக இழுத்துப் பார்க்கலாம். பக்கிளில் செருகினால் 'க்ளிக்' சத்தம் கேட்க வேண்டும், இழுத்தால் வரக் கூடாது, பொத்தானை அழுத்தினால் நாக்கு தானாகத் துள்ளி வெளியே வர வேண்டும். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும்; எரியவே இல்லை என்றாலும் சந்தேகப்படுங்கள், பல்பைக் கழற்றியிருக்கலாம். நாடாவைக் கழுவ வேண்டுமானால் வெதுவெதுப்பான நீரும் மிதமான சோப்பும் போதும். பிளீச், சாயம், சிலிக்கான் ஸ்பிரே எதுவும் ஆகாது. ரிட்ராக்டருக்குள் எண்ணெய் விடவே கூடாது.